இடது விளக்கு

புயலுக்குப் பெயர் வைக்கிறவர்கள்
அது விட்டுப்போவதற்குப் பெயர் வைப்பதில்லை.
பள்ளிக்கரணையில் தண்ணீர் வடிந்த ஆறாம் நாள்
காரின் இடது விளக்குக்குள்
யாரோ மூச்சு விட்டிருந்தார்கள்.

துணியால் துடைத்தேன்.
வெளிப்பக்கம் பளபளத்தது, உள்ளே அது அசையவில்லை.
ஆவி படிந்த கண்ணாடி எதுவானாலும்
ஒரு விரலைக் கூப்பிடும், பெயரெழுதச் சொல்லும்.
செரின் எழுதிப் பார்த்தாள்.
விரல் வெளியே, ஈரம் உள்ளே,
நடுவில் மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக்.

இரவு எட்டுக்கு கிளாடிஸ்
அடையாறில் டயாலிசிஸ் வார்டில் இருக்க வேண்டும்.
மத்திய கைலாஷ் சிக்னல் தாண்டிக் கை நீட்டினார் போலீஸ்காரர்.
"ஒரு லைட் எரியலையே?"
"எரியுது சார். உள்ள தண்ணி."
குனிந்தார், விரல் முட்டியால் தட்டினார்,
தன் வீட்டிலும் ஏதோ வடியாமல் நிற்பதைப் போல
போ என்றார்.

அவளை இறக்கிவிட்டுத் திரும்பி
பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தும்போது
சுவரில் விழுந்தது வெளிச்சம்,
வலப்பக்கம் வட்டமாக, இடப்பக்கம் புள்ளி புள்ளியாக.
"அப்பா, மீன்!" என்றாள் பின்சீட்டிலிருந்து.
வால்கூட இருந்தது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
கீழ்வீட்டு ராமபத்திரன்: அடியில ட்ரில் போட்டு ரெண்டு ஓட்டை.
மச்சான்: அரிசி டப்பாவுல வை.
அது செல்போனுக்குடா என்றேன்.
கிளாடிஸின் ஹேர் டிரையரை எடுத்து
எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து
பல்ப் மூடியைத் திருகி
அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து ஊதினேன்.
போனது.
விடியற்காலை, ஷிப்ட் முடிந்தவளைக் கூட்டிவர இறங்கினால்
எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் சிலிகான் வாங்கினேன்.
விளிம்பெல்லாம் பூசினேன்.
பின்புறம் ஒரு குட்டி ரப்பர் குழாய்,
எதற்கென்று தெரியவில்லை,
அதன் வாயையும் அடைத்தேன்.
இனி ஒரு சொட்டு உள்ளே போகாது என்று அவளிடம் சொன்னேன்.
அவள் "சரி" என்றாள்.
அந்த "சரி"யை எனக்குத் தெரியும்.

மறுநாள் சொட்டுகள் சேர்ந்து ஓடத் தொடங்கியிருந்தன.

புதுப்பேட்டை.
கழற்றிய கதவுகள், கதவில்லாத வண்டிகள்,
யாருடையவோ கண்கள் அடுக்கடுக்காக.
தஸ்தகீர் விளக்கைத் திருப்பி
குழாயின் வாயை நகத்தால் கிளறினான்.
"இத யாரு அடைச்சது?"
"மெக்கானிக்" என்றேன்.
"நல்லாத் திட்டுங்க அந்தாள.
வெளிய பெய்யிற மழை இல்ல சார் இது,
உள்ள இருக்கிற காத்து.
பல்ப் எரிஞ்சா சூடாகும், அணைஞ்சா ஆறும்,
போக வர ஒரு வழி வேணாமா?
அடைச்சா வேர்த்துக்கிட்டே கிடக்கும்."
திட்டிக்கொண்டேன், சத்தமில்லாமல்.
குழாய்க்கு வளைந்த மூடி ஒன்று போட்டான்,
மழை ஏறாது, காற்று இறங்கும்.
பத்து ரூபாய். டீ அவன் வாங்கிக் கொடுத்தான்.

மிச்ச ஈரத்துக்கு
செரினின் ஷூ டப்பாவில் இரண்டு,
கிளாடிஸ் வார்டிலிருந்து கொண்டுவந்தது ஐந்து,
தின்னாதே என்று எழுதிய ஏழு பொட்டலங்களை
நூல் கட்டி உள்ளே தொங்கவிட்டேன்.
மூன்று நாள் வெயிலில் நிறுத்தினேன்,
சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி.

நாலாம் நாள் சுவரில்
இரண்டு வட்டங்கள், சுத்தமாக.
இடது வட்டத்துக்குள் பெயின்ட் உரிந்த இடம், எண் 14,
அசையாத ஒரு பல்லி.
இவ்வளவு நாள் அங்கேதான் இருந்திருக்கும்.
"மீன் எங்கப்பா?"
"வடிஞ்சிடுச்சு."
அவள் நம்பவில்லை. இறங்கிப்போய்ச் சுவரைத் தொட்டாள்.
கிளாடிஸுக்கு லீவு. முன்சீட்டில் வாய் திறந்து தூங்கினாள்.

நள்ளிரவில் தூறல்.
செருப்பில்லாமல் கீழே போனேன்.
பானெட்டைத் தூக்கி இருட்டில் துழாவினேன்.
குழாயின் வாய் கிடைத்தது, திறந்திருந்தது.
விரலை அதன்மேல் வைத்து
கொஞ்ச நேரம் நின்றேன்,
பிறகு எடுத்துக்கொண்டேன்.