சாம்பல் பட்டை

லாப்லாந்தின் ஏரிச் சேற்றிலிருந்து
ஊலா கயிறு கட்டி இழுத்த பைன் மரத்தில்
பட்டை இல்லை.
பட்டை போன மரம்
எந்த ஆண்டு செத்தேன் என்று சொல்லாது.
எந்தக் கோடை காய்ந்தது
எந்தக் கோடை வரவே இல்லை
அதை மட்டும் வரிவரியாய்ச் சொல்லும்.

இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு.
ரம்பம், உப்புத்தாள், நுண்ணோக்கி.
யாரும் வெயில் காய்ந்திராத ஜூலை மாதங்களுக்கு
வெப்பநிலை போடுவேன்.
கறுப்புக் கோடு என் கணிப்பு.
அதன் இருபுறமும் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை,
நான் தவறியிருக்கக்கூடிய தூரம்.
பத்திரிகைக்காரர்கள் கோட்டை மட்டும் அச்சிடுவார்கள்.

பிறகு என் வலது கடைவாய்ப் பல் ஆடியது.
பல்லில் ஒன்றுமில்லை,
அதற்குக் கீழே இருந்தது.

ஒவுலு மருத்துவமனையில்
டாக்டர் ஹில்ப்பி திரையை என் பக்கம் திருப்பினார்.
பச்சை நிறத்தில் என் மண்டையோடு.
வலது தாடையை அழித்தார்.
இடது தாடையை நகலெடுத்து
தோசையைப் போல அல்ல, கண்ணாடியைப் போலப் புரட்டி
வெற்றிடத்தில் வைத்தார்.
“கெண்டைக்காலில் எலும்பு இரண்டு.
ஒன்றைக் கொடுத்தாலும் நடக்கலாம்.”

பட்டை எங்கே என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
இந்தத் தாடை எவ்வளவு தவறலாம்?
“இரண்டு மில்லிமீட்டர்” என்றார்.
கொஞ்சம் பொறுத்து, “மூன்று.”
அந்த மூன்றில்தான் அவரை நம்பினேன்.

பதினொரு மணி நேரம்.

இப்போது காலெலும்பால் மெல்கிறேன்.
வாய்க்குள் தைத்த கால்தோல்
ஈரத்துக்குப் பழகிவிட்டது,
பிறந்த ஊரை மட்டும் மறக்கவில்லை.
நாக்கின் ஓரம் மூன்று ரோமம் முளைத்தது.
ஞாயிறுதோறும் கத்தரித்துக்கொள்கிறேன்.
பைனுக்கு எங்கள் மொழியில் மகரத்தில் தொடங்கும் பெயர்;
உதடு வந்து மூடுவதற்குள்
மரம் பாதி விழுந்துவிடுகிறது.

சோய்லி பார்க்க வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.
“அக்கா, நீ வலப்பக்கம் கோணிக்கொண்டு சிரிப்பாயே.”

கணினிக்குத் தெரிந்தது இடதின் கதை.
கட்டி வருவதற்கு முன்னால்
என் கோணலை யாரும் அளந்து வைக்கவில்லை.

மறுபடி வேலைக்குப் போன அன்று
ஊலாவின் பைன் மேசையில் காத்திருந்தது.
வடக்கு ஆரத்தில் எண்ணினேன், இருநூற்றுப் பதினான்கு.
தெற்கில் இருநூற்றுப் பதின்மூன்று.
மூன்று முறை எண்ணினேன்.
ஏதோ ஒரு குளிர்ந்த கோடையில்
ஒரு பக்கம் மட்டும் வளர்ந்திருக்கிறது மரம்.
வடக்கைப் புரட்டித் தெற்கில் ஒட்டவில்லை.
அந்த ஆண்டுக்கு நேரே சுழி போட்டேன்.
ஆண்டு வந்தது.
இந்தப் பக்கம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் பாஸ்போர்ட்டுக்குப் படம்.
நேரே பாருங்கள், சிரிக்க வேண்டாம்
என்றான் கேமராப் பையன்.
ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொண்டது இயந்திரம்.
பழைய முகத்துக்கு
நான்கு முறை எடுக்க வேண்டியிருந்தது.