முட்டைக்கோஸ் மூட்டை

போகுமில் கெம்பா திரையில் விழுந்தபோதெல்லாம்
உங்கள் காதில் விழுந்தவள் நான்.

வூச் நகரம். ஸ்டூடியோவின் பின்கட்டு,
ஜன்னல் இல்லாத அறை.
சணல் மூட்டைக்குள் நான்கு முட்டைக்கோஸ்,
இரண்டு கிலோ ஊறிய பட்டாணி,
அடியில் என் அண்ணனின் ஒற்றை பூட்ஸ்.
தோள் உயரத்திலிருந்து போட்டால்
எண்பது கிலோ ஆண்பிள்ளை.
இடுப்பு உயரத்திலிருந்து போட்டால்
அதே ஆண்பிள்ளை, கொஞ்சம் வெட்கத்தோடு.

முதல் படத்தில் அவனுக்கு
சூப் அண்டாவைத் தூக்கிக்கொண்டு
கல்யாண விருந்தின் குறுக்கே நடக்கும் வேலை மட்டும்.
தரையில் மெழுகு பூசியிருந்ததை யாரும் சொல்லவில்லை.
அண்டா ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்,
மணப்பெண் மடியெல்லாம் பீட்ரூட் சிவப்பு.
எடிட்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.
அந்தப் பத்து விநாடிக்காக
நெசவாலைப் பெண்கள் மூன்று முறை டிக்கெட் வாங்கினார்கள்.

அப்புறம் அவன் விழுவதற்கென்றே கதை எழுதினார்கள்.
'டிராமில் வந்த மாப்பிள்ளை'யில் படியிலிருந்து.
'மூன்றாம் மாடிப் பியானோ'வில் பியானோவோடு
(அதற்கு நான் ஒரு கட்டிலை உடைத்தேன்).
'ஆணையருக்குச் சளி'யில் மேடையிலிருந்து;
தணிக்கைக்காரர்கள் மேடையின் உயரத்தைக் குறைக்கச் சொன்னார்கள்,
விழுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவர்கள்
நாட்டை நடத்திக்கொண்டிருந்த காலம்.
இவன் மீசையில் மட்டும்
மாவு, தார், க்ரீம், ஒருமுறை உயிருள்ள நண்டு.
அவன் விழுந்தான், எழுந்தான்,
இடது கையால் தொப்பியை ஒரு விரல் உயரம் தூக்கினான்.
ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

ஒலிப்பதிவு நாளில் என் அறைக்கு வருவான்.
மூட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான்:
"இளைத்துவிட்டேனா?"
கடைகளில் எதுவும் கிடைக்காத குளிர்காலங்களில்
வேலை முடிந்ததும் முட்டைக்கோஸை
ஆளுக்கு இரண்டாகப் பங்கு போட்டோம்.
தன் உடம்பைத் தானே தின்கிற ஒரே நடிகன்
தான்தான் என்பான்.

'பிப்ரவரி' படத்தில் அவன் விழவேயில்லை.
மகனின் கடிதத்துக்குக் காத்திருக்கும் கடிகாரம் பழுதுபார்ப்பவன்.
எண்பது நிமிடம், ஒரு ஜன்னல்.
நான் போட்ட ஓசைகளில் எனக்குப் பிடித்தது
கோப்பைக்குள் கரண்டி சுற்றுவதை
யாரோ பாதியில் நிறுத்துவது.
முதல் காட்சியன்று கடைசி வரிசையில் இருந்தோம்.
அவன் மாடிப்படிப் பக்கம் நடக்கும்போதெல்லாம்
அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.
அவன் அழுதான்;
முன்வரிசைக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார்.
கொஞ்ச நேரம் கழித்து
என் பக்கத்திலிருந்தும் ஒரு சிரிப்பு:
"பார், எவ்வளவு பாடுபடுகிறான், பாவம்."
நான்காம் நாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

ஜனவரி. பால்கடை வாசல், கண்ணாடிப் பனி.
வரிசையில் நான் ஏழாவது ஆள்.
அவன் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தான்.
விழுந்தான்.
வரிசை கைதட்டியது.
ஒரு பெண் தன் பையனை
நன்றாகத் தெரியட்டுமென்று தூக்கிப் பிடித்தாள்.
எல்லோரும் தொப்பிக்காகக் காத்திருந்தார்கள்.

நான் கேட்டேன் அந்த ஓசையை.
பையிலிருந்து நழுவிய கையுறை மாதிரி.
அவ்வளவுதான்.
முப்பத்தோரு வருடம்.

இடுப்பில் இரண்டு ஆணி வைத்தார்கள்.
பார்க்கப் போனபோது முதல் கேள்வி:
"சத்தம் எப்படி வந்தது?"
"தோள் உயரம்" என்றேன்.
திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த படத்தில் அவனுக்குப் பதில் வேறொருவன் விழுந்தான்,
முதுகு மட்டும் தெரியும்படி.
நான் மைக் முன்னால் ஒரு கையுறையை நழுவவிட்டேன்.
இயக்குநர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்:
"ஒன்றுமே கேட்கவில்லையே, ஜெனோவெஃபா.
கெம்பாவைப் போடு."

காய்கறிக் கடை வரிசையில்
அன்று நான் பதினொன்றாவது.