தாச்சி அனுப்பியது

இரவு இரண்டு நாற்பது. பீல் நகரம்.
கடிகார மூடிகளை மெருகிடும் இயந்திரங்கள்
மூச்சு வாங்கும் இடைவேளை.
விரல் நுனியில் எஃகுத் தூள்.
கைபேசியில் ஒரு வரி:
உள்வரவு. உறுதிப்படுத்தல் சுழியம்.

மூன்று வருடம் முன்
எங்கள் சீட்டுக்குத் தாச்சி குணதேவன்.
அவனோடு இருபது பேர், மாதம் ஐந்நூறு பிராங்க்.
பதினெட்டாம் மாதம் காசோடு போனேன்.
அழைப்புமணியின் கீழே வேறொரு பெயர்.

போன கிழமை தெரியாத எண்ணிலிருந்து
இரண்டே சொல்: முகவரி தா.
வீட்டு முகவரி அல்ல.
எழுத்தும் இலக்கமும் புரண்டு
நாக்கில் நிற்காத மற்றது.
கொடுத்தேன்.
அதற்குள் யாரும் காசு போடலாம்,
திறப்பு என்னிடம்.

வந்தது காசு அல்ல, சேதி.
எங்கோ ஒரு கணினியிடம்
ஒப்பமிட்டுச் சொல்லியிருக்கிறான்.
ஒப்பம் சரிதானா, இந்தக் காசு
முன்னமே செலவழிந்ததா என்று பார்த்துவிட்டு
அது அயலுக்குச் சொன்னது.
அயல் அதை நம்பவில்லை;
தானும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான்
அடுத்த அயலுக்கு.

நாங்கள் பத்தொன்பது பேர் ஒருவனை நம்பினோம்.
கணக்கு அவனுடைய கொப்பியில் இருந்தது.
இங்கே எவரும் எவரையும் நம்புவதில்லை;
எல்லோரிடமும் அதே கொப்பி.

ஆனால் இன்னும் எழுதப்படவில்லை.
எழுதுகிறவர்களைச் சுரங்கக்காரர் என்கிறார்கள்,
மண்ணைத் தொடாதவர்கள்.
ஒரு பக்கத்தையும் ஓர் எண்ணையும் சேர்த்து அரைத்து
முன்னால் போதிய சுழியம் விழவில்லையென்றால்
எறிந்துவிட்டு அடுத்த எண்.
கோடி கோடி தரம்.
விழுந்தவருடைய பக்கம் சங்கிலியில் ஏறும்,
பத்து நிமிடத்துக்கு ஒன்று,
சராசரியாக.
சராசரி என்ற சொல்லை
இந்தக் கடிகார ஊரில் சத்தமாய்ச் சொல்லக்கூடாது.

கூலி கூடியதைத்தான் முதலில் எடுப்பார்கள்.
அவன் வைத்த கூலி ஆகக் குறைவு.
என்ன கஞ்சத்தனம் என்று
திறந்து பார்த்தேன். யாரும் பார்க்கலாம்.

இடப்பக்கம் அறுபத்தொரு வரவுகள்.
ஒவ்வொன்றுக்கும் தேதி.
பன்னிரண்டு பிராங்க். ஒன்பது. முப்பத்தொன்று.
மார்கழியில் சில, சற்றுப் பெரியவை.
ஒரு வருடம் மாசி தொடங்கி ஆனி வரை
ஒன்றுமே இல்லை.
(காய்ச்சலா, வேலை போனதா,
அதற்கு அங்கே இடமில்லை.)
சில்லறை ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பம் வேண்டும்.
ஒப்பங்கள் கூடக் கூடச் சேதி பருக்கும்,
பருத்ததற்குக் கூலியும் கூடும்.
அதுதான் அவனிடம் இல்லை.

வலப்பக்கம் இரண்டு வரி.
ஒன்று எனக்கு:
அன்றைய விலைக்கு எண்ணாயிரத்து ஐந்நூறு,
ஒரு ரப்பனும் பிசகவில்லை.
மற்றது மீதி. அவனுக்கே திரும்புவதாக இருக்கலாம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு சதோசி.
அதற்கும் சற்றுக் கீழே போனால்
வலையமைப்பு அதைத் தூசி என்று சொல்லித் தட்டிவிடும்.
அரைப் பேருந்துச் சீட்டுக்கும் காணாது.

மற்றப் பதினெட்டுப் பேருக்கும் வந்ததா?
நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

ஒரு வழி உண்டு.
இன்னும் வந்து சேராத காசையே
எனக்கு நானே அனுப்பலாம், நல்ல கூலி வைத்து.
பிள்ளையை ஏற்ற ஆசைப்படுகிறவன்
தாயையும் ஏற்றியாக வேண்டும்,
தாய் இல்லாமல் பிள்ளை செல்லாது.
பதினேழு மாதம் கட்டியதில்
பதினெட்டாவதாய் ஒன்று.
அழுத்தினேன்.

மூன்று ஐம்பதுக்கு ஒரு பக்கம்; நாங்கள் இல்லை.
அது எங்களை அறியுமுன்னே அரைக்கத் தொடங்கியது போலும்.
நாலு பதினேழுக்கு
அவன் வரியும் என் வரியும்
ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்று.
ஆறு பக்கம் மேலே ஏறும்வரை
ஆடாதே என்பார்கள்.
நான் ஆடவில்லை. கைதான் கொஞ்சம்.

யாரிடமிருந்து என்று ஆன்லோர் கேட்டாள்,
முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டே.
பெயர் போடவில்லை, என்றேன்.
கொப்பியிலும் அப்படித்தான் இருக்கிறது.