கை உளைந்த இடம்

வூப்பர்ட்டாலில் ஒரு பழைய பாண் தொழிற்சாலை
இப்போது இரவுக் கூடம்.
போறணை இருந்த இடத்தில் ஒலிபெருக்கிகள்.
மா மூட்டை அடுக்கிய அறையில்
நானும் நானூறு கோட்டுகளும்.

சனி இரவு பத்திலிருந்து ஞாயிறு ஆறு வரை
கோட்டை வாங்கு, இலக்கத்தைக் கொடு,
இலக்கத்தை வாங்கு, கோட்டைக் கொடு.
இசை எனக்குச் சுவர் வழியாக மட்டும் வரும்.
உச்சத்தில் ஒலிப்பதெல்லாம் செங்கல்லில் தங்கிவிட
அடியில் கிடக்கும் தம் தம் மட்டும்
வெற்றுக் கொழுவிகளைக் கிலுக்கும்.

ஒரு மணி தாண்டினால் ஊவே வருவான்.
ஐம்பத்தாறு வயது, காதில் பஞ்சு, முழங்காலில் பட்டி.
கோட்டுக்கு முன்னே குறையைத் தருவான்:
'இதெல்லாம் இசையா?
தொண்ணூற்று நாலில் நீ கேட்டிருக்க வேணும்.
அப்ப மெஷினுக்கு உயிர் இருந்தது.'

மத்தியானம் ஞானசீலன் வீட்டில்
பிறந்தநாள், ரோல்ஸ், கரோக்கி.
அவரும் அதையே சொல்வார்:
'இப்ப வாறது பாட்டே? கொம்பியூட்டர் இருமுது.
எண்பதுகளில ஒரு பாட்டெண்டா...'
கண்ணை மூடி மேசையில் அவர் தட்டும் தாளம்
அந்தக் காலத்து மெஷின் ஒன்று தட்டியது.
அதைக் கேட்டுத்தான் அவருடைய அப்பா
ரேடியோவை நிப்பாட்டினாராம்.
அவரே சொன்னது, வேறொரு பிறந்தநாளில்.

இரண்டு பேருக்கும் தலையாட்டுவேன்.
ஒருவர் டிப்ஸ் தருவார்.
மற்றவர் பார்சல் கட்டித் தருவார்.

தொண்ணூற்று நாலில் எனக்குப் பதினைந்து.
யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத நாலாம் வருடம்.
பற்றரிக்குத் தடை.
கவிழ்த்து வைத்த சைக்கிள்,
டயரில் ஒட்டிய டைனமோ,
அதிலிருந்து இரண்டு வயர் கசெற் பெட்டிக்கு.
பல்லவிக்கு அண்ணன் பெடலைச் சுற்றுவான்,
சரணம் என் பங்கு.
கை உளைய உளையப் பாட்டு இளைக்கும்,
பாடகி ஆணாகி, ஆண் எருமையாகி,
யாரோ ஏச, நான் விசுக்கிச் சுற்ற,
திடுக்கிட்டு எழும்பி
அரைச் சுருதி கூடப் பாடுவா.

அதே பாட்டு இப்போது கைப்பேசியில் இருக்கிறது,
கழுவித் துடைத்து.
இரண்டாம் சரணத்தில் அவ களைப்பதே இல்லை.
எனக்கு அது பிழையாகக் கேட்கிறது.

அந்தக் காலம் வேணும் என்று நான் சொல்லவில்லை.
யாராவது அதைக் கொண்டுவந்து தந்தால்
இலக்கம் போட்டுக் கொழுவியில் மாட்டி
இலக்கத்தைத் தொலைத்துவிடுவேன்.

போன சனி மூன்று மணிக்கு எலிஃப் வாசித்தாள்.
இருபத்து மூன்று வயது, பகலில் பல் டொக்டரிடம் வேலை.
தம் தம் ஒழுங்காகத்தான் வந்தது.
பிறகு இளைக்கத் தொடங்கியது.
இழுபட்டு, தொய்ந்து,
ஒரு தம்முக்கும் மறு தம்முக்கும் நடுவே
ஒரு ஆள் படுத்தெழும்பலாம்.
என் வலது தோள் தானாகச் சுற்றியது.
கொழுவியைப் பிடித்த கை வட்டம் வட்டமாக.
முன்னால் நின்ற பெடியன் கேட்டான்
ஏதும் செய்கிறதா என்று.
இல்லை என்று சொல்லி
யாரோ ஒருத்தியின் சிவப்பு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டேன்.
அவள் வந்து அவன் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள்,
போட்டாள், போய்விட்டாள்.

ஆறு மணிக்கு எலிஃபைக் கேட்டேன்,
அந்த இளைத்த இடம் வேணுமென்று செய்ததா.
'ஐயோ, இல்லை. பழைய பெட்டி.
சூடேறினால் தவறும்.
அடுத்த மாதம் திருத்தக் குடுப்பன்.'
திருத்தாதே என்று வாயெடுத்தேன்.
பின்னால் ஊவே நின்றான்,
முகமெல்லாம் ஈரம், வியர்வையாகவும் இருக்கலாம்.
'அந்தக் காலத்தில...' என்று அவன் தொடங்க
நான் வாயை மூடிக்கொண்டு
மூன்று கோட்டு எடுத்தேன். ஒன்று என்னுடையது.

ஆற்றுக்கு மேலே தொங்கி வந்தது ரயில்,
வளைவில் இரும்பு இழுபட.
மேடையில் அந்தப் பெடியன்
மணிக்கட்டுக்கு எட்டாத சிவப்பு ஜாக்கெட்டுக்குள்
காதில் எதையோ மாட்டித் தலையாட்டிக்கொண்டு நின்றான்.
என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை.
தோள் இன்னும் உளைந்தது.