மூக்குக்கு வேலை

ஜூலையில் முஸஃபாவின் நடைபாதை
காலை ஆறரைக்கே தோசைக்கல்.
புறங்கையை வைத்து ஏழு எண்ண வேண்டும்.
மூன்றிலேயே நான் எடுத்துவிட்டால்
சுக்குக்கு அன்று உலா இல்லை.
லிஃப்டில் இறங்கி, வேப்பமரத்தடியில் ஒன்றுக்குப் போய்,
அதே லிஃப்டில் ஏறி,
அவ்வளவுதான்.

அதற்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை.
கதவைப் பார்க்கும்.
கொக்கியில் தொங்கும் வாரைப் பார்க்கும்.
என்னைப் பார்க்கும்.
பிறகு போய்
சோபாவின் இடது காலைத் தின்னும்.

“கால் களைக்க வேண்டாம், மூக்கு களைக்கட்டும்”
என்றார் மருத்துவர், ஹோம்ஸ் நகரத்துக்காரர்,
ஊசியில் மருந்தேற்றிக்கொண்டே.

முதலில் துண்டில் சுருட்டிய கோழித் துணுக்கு.
உதறிப் பிரித்துத் தின்றுவிட்டு
இவ்வளவுதானா என்று நின்றது.
அப்புறம் கவிழ்த்த டம்ளர்கள்.
அப்புறம் லூலூவிலிருந்து தூக்கிவந்த
அட்டைப்பெட்டிகள் ஐந்து,
ஒன்றில் மட்டும் இரை.
ஐந்தின் முன்னாலும் உட்கார்ந்தது.
மக்கு என்றேன்.
இரவு பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது:
ஐந்தையும் தொட்டது
கோழி நறுக்கிய என் கை.
மறுநாள் இடுக்கி வாங்கினேன்.
மன்னிப்பும் கேட்டேன்
அதற்கு விளங்கும் மொழியில்,
இரண்டு துணுக்கு கூடுதலாக.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒளித்தால்
குளியலறை வாசலில் போய் நின்றது.
இல்லை என்றேன். நகரவில்லை.
ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன்.
ஏசியின் வாயிலிருந்து விழுந்த காற்றில்
புகை ஃப்ரிட்ஜின் முதுகைத் தடவி,
சுவரில் வழிந்து, தரையோடு தரையாகப் போய்
குளியலறைக் கதவிடுக்கில் நுழைந்தது.
வாடகை கட்டுகிறவள் நான்.
வீட்டுக்குள் ஓர் ஆறு ஓடுவது
அதற்குத்தான் தெரிந்திருக்கிறது.

சகாயம் கடலில், எண்ணெய் மேடையில்
இருபத்தெட்டு நாள்.
கரையில் இருபத்தெட்டு நாள்.
அவர் ஹெலிகாப்டர் ஏறிய அன்று
துவைக்கப் போட்டிருந்த பனியனை
பதினாறாக வெட்டி
காபித்தூள் பாட்டிலில் இறுக மூடினேன்.

“எந்தப் பனியன்?”
“நீலம்.”
“அது புதுசாச்சே.”
போனில் காற்று இரைந்தது, அல்லது அவர்.

விதிகள் சுலபம்.
ஒரு துண்டை மோப்பம் காட்டி, தேடு என்பேன்.
இன்னொரு துண்டு எங்கோ இருக்கும்:
வாஷிங் மெஷின் கதவில்,
அரிசி டப்பாவின் அடியில்,
என் தலையணை உறைக்குள்.
கண்டதும் உட்கார வேண்டும். குரைக்கக் கூடாது.
மூக்கால் தொட்டுக் காட்டி
என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.
கூலி, நகத்தளவு கிரி சீஸ்.

பத்து நிமிடம் தேடினால்
மூன்று மணி நேரம் தூங்கும்.
தூக்கத்திலும் மூக்கோரம் துடிக்கும்.
சோபாவுக்கு இன்னும் மூன்று கால்கள் மிச்சம்.

பத்தொன்பதாம் நாள்
பாட்டிலைத் திறந்து நானே முகர்ந்தேன்.
பருத்தி.
கொஞ்சம் காபி.
கண்ணை மூடி மறுபடி முகர்ந்தேன்,
யாரும் பார்க்கவில்லை.
பருத்திதான்.
துணுக்கைச் செருப்பு அலமாரியில்
என் செருப்புக்குள் திணித்தேன்.
சுக்கு அறையின் நடுவில் ஒரு கணம் நின்று
இரண்டு நாசியையும் தனித்தனியே அசைத்து
நேரே போய் உட்கார்ந்தது.
சீஸ் கொடுத்தேன்.
கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் இரவு கதவு திறந்தது.
டீசல், உப்பு, யார் யார் துணியோடோ
சேர்த்துத் துவைத்த சட்டை.
எனக்கே இரண்டு நொடி பிடித்தது.
சுக்கு பாய்ந்து ஓடியது.
மேலே விழுந்து நக்கப் போகிறது என்று நினைத்தேன்.
ஷூவை முகர்ந்தது. முழங்கால். பையின் வார்.
உள்ளங்கை.
பிறகு
உட்கார்ந்துவிட்டது.
குரைக்கவில்லை.
அவர் வயிற்றில் மூக்கை வைத்துக்கொண்டு
கழுத்தை மட்டும் திருப்பி
என்னைப் பார்த்தது.

“என்ன பண்ணுது இது?”
பையை இறக்காமலே கேட்டார்.

“அசையாதீங்க” என்று சொல்லிவிட்டு
சீஸ் எடுக்கப் போனேன்.