ஆறு எண்ணும் வரை

கரண்ட் போனது எனக்கு நல்லதாயிற்று.
பித்தளை இருட்டில்தான் உண்மை சொல்லும்.
ட்யூப்லைட்டின் கீழே
தணல்கூடப் பழுப்பாய் நின்று ஏமாற்றும்.

கொளத்தூரில் முழங்கால் அளவு மழைநீர்.
சமையல் மேடையில் கைக்கடக்கமான கேஸ் டார்ச்,
நனைத்துப் பிழிந்த துண்டு,
பேட்டரி டிரில்லின் வாயில் ஒரு சாக்கெட்.
அதில் ஒவ்வொன்றாய் ஏறி நிற்க
ஐம்பது காலிக் கூடுகள்.

ஏழு முறை சுட்டவை.
ஒவ்வொரு முறையும் கழுத்து விரிந்தது,
ஒவ்வொரு முறையும் அச்சில் கொடுத்து
பழைய அளவுக்கு நெரித்தேன்.
விரிந்தும் நெரிந்தும் விறைத்த கழுத்து
எட்டாம் முறை
குண்டை ஒரு பக்கமாய்ப் பிடித்து ஒரு பக்கமாய் விடும்.
முன்னூறு மீட்டர் தள்ளி
அது இரண்டு விரற்கடைப் பிழை.
போன மாதம் இந்தப் பித்தளையால்தான்
என் வெண்கலம்
ஆவடி ஜெசிந்தாவின் கழுத்துக்குப் போனது.

ஆயிரத்தொன்று.
ஆயிரத்திரண்டு.
டிரில் மெல்லச் சுழல,
நீலச் சுடர் கழுத்தை மட்டும் நக்குகிறது.
ஆறில், விளிம்பில் ஒரு சிவப்பு.
வந்ததா என்று கேட்பதற்குள்
சுடரை விலக்கித் துண்டில் தட்டிவிட வேண்டும்.
உஸ்.

தோளுக்குக் கீழே சூடு இறங்கக் கூடாது.
கழுத்து இளகலாம், அடி இளகக் கூடாது.
வெடியின் உதையெல்லாம் வாங்குவது அடி,
அதுவும் என் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

தண்ணீரில் முக்கினாலும் ஒன்றுமில்லை.
எஃகென்றால் முறைத்துக்கொள்ளும்.
பித்தளைக்கு அந்தக் கோபம் கிடையாது.
அதற்கு இருப்பது வேறு நோய்:
அந்தக் காலப் பட்டாளத்தில்
குதிரை லாயத்துப் பக்கம் அடுக்கிய தோட்டாக்கள்
மழை மாதத்தில்
யாரும் தொடாமலே கீறல் விட்டனவாம்.
லாயத்து நெடியும் ஈரமும் ஒரு சாக்கு.
உள்ளே அடக்கி வைத்த இறுக்கம்
முன்பே இருந்தது.

இருபத்து மூன்றாவது கூடு.
ஆயிரத்து நாலு—
"அக்கா, மெழுகுவத்தி இருக்கா?"
மேல்மாடி வசுமதி, இடுப்பில் குழந்தை.
துண்டின் மேல் மினுங்குவதைப் பார்த்து
"ஐயோ, பவுனா?"
"பித்தளை."
"கரண்ட் எப்பக்கா வரும்? நீங்க இ.பி.தானே?"
பகல் முழுக்க ஹெட்போனில்
நானூறு பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு சொன்னதையே
வாய் தானாகச் சொன்னது:
"வேலை நடந்துகிட்டிருக்கு மேடம்."
அவள் சிரித்துவிட்டாள்.
எனக்கும் வந்தது சிரிப்பு,
காலையிலிருந்து முதல் தடவையாக.

திரும்பினால்
கூடு இடுப்புக்கும் கீழே
ஆரஞ்சாய் எரிகிறது.
அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.
குழந்தைகூடக் கண் இமைக்கவில்லை.

ஆறிவிட்டால் கூட்டத்தோடு கூட்டமாய் நிற்கும்.
எது கெட்டது என்று எனக்கே தெரியாது.
அதனால் சூடு அடங்கும் முன்பே இடுக்கியை எடுத்தேன்.
மற்றதென்றால் கொஞ்சம் எதிர்த்திருக்கும்.
இது வாழைத்தண்டாய் நசுங்கியது.

"அதைக் குடுங்களேன், இவன் வெச்சு வெளையாடட்டும்."
முடியாது.
ஐம்பது என்று கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருக்கிறேன்,
நசுங்கினாலும் அது ஒன்று.
மெழுகுவத்தி மட்டும் கொடுத்தேன்.
படியேறும் வெளிச்சம் மறையும் வரை காத்திருந்து
மறுபடி ஆயிரத்தொன்று.

சனிக்கிழமை, கிளப்பின் ஆயுத அறை.
நூல் கட்டிய பேனாவை நீட்டினார் ஏகாம்பரம்.
இரண்டு முறை எண்ணினார்.
நல்லது நாற்பத்தொன்பது, சிதைந்தது ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில்
யோசித்து எழுதினேன்:
மின்தடை.

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
"நீங்களே இப்படி எழுதலாமா மேடம்?"