ஆறாம் எண் உலர்த்தி

செவ்வாய்க்கிழமைகளில் பெட்டி திறக்கும் சாவி என்னிடம்.
கிரிம்ஸ்பி துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளிச் சலவைக்கடை.
துவைக்கப் பன்னிரண்டு எந்திரம், உலர்த்த எட்டு.
உலர்த்திகள் தின்பது இருபது பென்ஸ் மட்டும்,
காசு ஒன்றுக்கு நான்கு நிமிடச் சூடு.

கதவைச் சாத்திவிட்டு
இஸ்திரி மேசையில் கொட்டுவேன்.
ஏழு மூலைக் காசுகள். மீன்வாடை.
சிலவற்றில் சோப்புத்தூள் அப்பியிருக்கும்.
ரோஜா போட்டது பழசு,
பூவின் பக்கத்திலேயே வருஷம் இருக்கும். ஒதுக்கு.
கேடயத் துண்டு போட்டது புதுசு.
திருப்பு. ராணியின் தலையைப் பார்.
வருஷம் அங்கே இருக்கும்.
இருக்கக் கூடாது.
இல்லாத ஒன்றுதான் வேண்டும் எனக்கு.

இரண்டாயிரத்து எட்டில் அச்சு மாறியபோது
யாரோ பழைய தலையைப் புது உடம்பில் ஒட்டிவிட்டார்கள்.
முன்னாலும் தேதியில்லை, பின்னாலும் தேதியில்லை.
தவறு தெரிவதற்குள்
பைகளில் ஏறி ஊர் பார்க்கப் போய்விட்டன.

பதினோரு வருஷத்தில் எனக்கு அகப்பட்டவை:
ஜிப்ரால்டர் காசு ஒன்பது,
செம்மறி போட்ட ஃபாக்லண்ட் காசு ஒன்று,
காசென்று நம்பி எந்திரம் ஏமாந்த ஒரு பித்தளைப் பொத்தான்.
எடுத்ததற்கு ஈடாக என் காசைப் போட்டுவிடுவேன்.
முதலாளி பர்ட்விசிலுக்கு எண்ணிக்கை சரியாக வந்தால் சரி.
"லாட்டரி வாங்கித் தொலையேன்" என்பாள் தங்கை லின்னெட்,
"சீக்கிரமாவது தோற்கலாம்."

போன வெள்ளி, மழை.
மீன் அறுக்கும் ஆலையிலிருந்து பாஸ்க் வந்தார்,
தோளில் நனைந்த மெத்தை உறை.
உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டி,
"இதிலே இருபது எது? கண்ணாடி எடுத்துவரலே."
பொறுக்கிக் கொடுக்கத்தான் குனிந்தேன்.
கேடயம்.
அவருடைய கட்டைவிரல் அதைப் புரட்டியது.
தலை. தலையைச் சுற்றி எழுத்து.
எழுத்து முடிந்த இடத்தில்
வெறும் உலோகம்.

நான் வாய் திறப்பதற்குள்
ஆறாம் எண் விழுங்கிவிட்டது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.
தொண்டையில் முள் மாதிரி எங்கோ நின்றுவிட்டது.
உருளை சுற்றத் தொடங்கியது.
நான்கு நிமிடம். எட்டு. முக்கால் மணி.
வருஷம் சொல்லாத காசு
நிமிடம் மட்டும் சொல்லிவிடுமா என்ன?
மெத்தை உறை ரொட்டி போலச் சுட்டது.
பாஸ்க் சிரித்துக்கொண்டே மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
சனிக்கிழமை காலை ஆறாம் எண்ணுக்கு மட்டும் வரிசை.
இரட்டைப் பிள்ளைக்காரி ஷெவோன்
மூன்று கூடைத் துணியோடு நின்றாள்.
விடுதியில் தங்கியிருக்கும் லித்துவேனியப் பையன்கள்
விரிப்பு, திரைச்சீலை, கால்மிதி வரை
உருவிக்கொண்டு வந்தார்கள்.
நான் துடைப்பத்தோடு கடந்தால் பேச்சு தணிந்துவிடும்.
பழுது என்று எழுதிய அட்டை
இழுப்பறையிலேயே கிடந்தது.
நான் அதை எடுக்கவில்லை.

இன்று செவ்வாய். ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
ஐம்பது, அறுபது பவுண்டு தேறும் என்கிறார்கள்.
ஒரு ஜோடி தண்ணீர் ஏறாத பூட்ஸ்.
அது பாஸ்க்கின் காசா, பர்ட்விசிலின் காசா,
இருபது பென்ஸ் போட்டு எடுத்தால் என் காசா,
இதைத்தான் நேற்று ராத்திரி முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
இரண்டு பக்கமும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

உள்ளே யாரோ மறந்துபோன ஒற்றைக் காலுறை,
குழந்தையுடையது, இன்னும் சுற்றுகிறது.
மூன்று திருகு என் ஏப்ரன் பையில்.
நாலாவது பாதி கழன்றிருக்கிறது.

ஷட்டருக்கு அடியில் ஒரு தலை நுழைகிறது.
"ஆறு காலியா?"
கக்கத்தில் நனைந்த தூங்கும் பை.
இப்போதுதான் துடைத்த தரையில்
சொட்டுகிறது தண்ணீர்.